கன்டோன்மென்ட் வரைக்கும்தான்

எங்கப்பா கந்தசாமியிடம் ரயில் சீசன் டிக்கெட் இருந்தது. ஆரணி ரோடிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரைக்கும். பட்டுப்புடவைகளை மூட்டை கட்டி வேலூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வியாபாரம் அவருக்கு. அந்த டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வார். ரயிலே தன் பேரில்தான் ஓடுகிறது என்று நினைப்பு.

தொண்ணூற்றெட்டில் எனக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தது. மதியத்துக்குள் சென்னையில் இருக்கவேண்டும். பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காட்பாடியில் இறங்கிச் சென்னை வண்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு. அப்பா எனக்கு மட்டும் சென்னை வரைக்கும் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தார். தனக்குக் காட்பாடியில் வாங்கிக்கொள்வாராம். கன்டோன்மென்ட்டுக்கும் காட்பாடிக்கும் நடுவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு தூரமா என்றார்.

காட்பாடியில் இறங்கியதுமே டிக்கெட் பரிசோதகர் பிடித்துக்கொண்டார். சின்ன வயசு, மரியாதையான மனுஷன். சீசன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, இது கன்டோன்மென்ட் வரைக்கும்தான் செல்லும், மீதித் தூரத்துக்குக் கட்டணமும் அபராதமும் கட்டிவிடுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் கட்டிவிட்டு நகர்ந்திருப்பார்கள். எங்கப்பா கடையை விரித்தார்.

"சார், எங்க ஊர்ல பொடவ வாங்கினா ஜாக்கெட் பிட்டு அதுலயே சேந்து வரும். அதுக்குத் தனியா காசு கேக்கமாட்டோம். இத்தையும் அப்டி வெச்சிக்கோங்க."

ரயில்வேயிடம் ஜாக்கெட் பிட்டு கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு மானம் போயிற்று. அவருக்கு அது இருந்தால்தானே போவதற்கு. கடைசி விலை என்ன என்று கேட்டார். பாதி தருவதாகச் சொன்னார். மாதாமாதம் சீசன் எடுக்கிற பழைய வாடிக்கைக்காரன் என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. உடனே ஆரணிக் கடைத்தெருவில் எல்லோரும் செய்வதைச் செய்தார். வேணாம் உடுங்க என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டு விலையைக் குறைப்பார்கள் என்று கணக்கு. பரிசோதகரும் கூப்பிட்டார், ரயில்வே போலீஸ்காரரை.

கூட்டம் கூடிவிட்டது. பிளாட்பாரத்தின் மறுபக்கம் சென்னை வண்டி வந்து நின்றது. கட்டிவிடுங்கள், வண்டி போய்விடும் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் இரண்டு கையையும் விரித்து, காசே இல்லை என்று போலீஸ்காரரிடம் சத்தியம் பண்ணினார். காலையில் பணத்தைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகியதை நான் பார்த்திருந்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஜெயா, அம்மா குடுத்த காலேஜ் பணத்துலருந்து எடு. பொண்ணு அழுதுகினே குடுத்தா கொறச்சிப்பாங்க."

அம்மா பட்டுநூல் சுற்றிச் சுற்றிச் சேர்த்த பணம் அது. கல்லூரியில் சேரக் கட்டவேண்டியது. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

"தரமாட்டேன்பா. உங்களாண்ட இருக்குது, குடுத்துட்டு வாங்க. இல்ல, பேசிகினே இருங்க. நான் போறேன்" என்றேன்.

ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். வண்டி நகர ஆரம்பித்ததும் வேட்டி மடிப்பை அவிழ்த்துப் பணத்தை எடுத்து நீட்டினார். குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிச் சில்லறையைக்கூடச் சரிபார்க்கவில்லை. அப்படியானால் இத்தனை நேரமும் என்னை வைத்துத்தான் பேரம் பேசியிருக்கிறார். சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

சென்னையில் என் பேரைக் கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன். வேலூர்க் கல்லூரி ஒன்றில் இடம் காலியாக இருக்கிறது, ஆரணிதானே, தினமும் அப்பாவோடு ரயிலிலேயே வந்துபோய்விடலாமே என்று, அப்பாவின் வியாபாரத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கவுன்சிலிங் அம்மாள் அன்பாகச் சொன்னார்.

கோயம்புத்தூர் போட்டுவிடுங்கள் என்றேன்.