தகட்டுக் கூரையின் மேல் ஒரு முழம் புல்

கோடைக்கு அஞ்சி மலையேறுவோர் பலர் உண்டு. கோடையையே கையைப் பிடித்து மலைக்கு அழைத்துவந்து, அங்கே அதற்கு வீடும் கட்டிக்கொடுத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் சக்கரவர்த்தி. ஊர் கண்ணமங்கலம். உத்தியோகம், வீட்டுவசதிக்கான விரிவாக்க அலுவலர்; புகழ், மேடைப் பேச்சால்.

ஜமுனாமரத்தூரிலிருந்து நான்கு மைல் உள்ளே, வேங்கைமேடு என்ற சிற்றூரில், 1979ஆம் ஆண்டுத் தை மாதத்தில் பன்னிரண்டு புதிய வீடுகள் எழுந்தன. செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரை. திறப்பு விழாவில் சக்கரவர்த்தி முழங்கினார்: “புல்லின் அடியில் புழுவாய்க் கிடந்தது போதும்! அடுப்பும் ஆடும் சாமை மூட்டையும் மனிதனும் ஒரே கூரையின் கீழ்க் கிடந்த காலம் செத்தது. இனி நீங்கள் படுக்கையறையில் உறங்குவீர்கள்.” படுக்கையறை என்னும் சொல்லை அவர் மூன்று முறை உச்சரித்தார். மூன்று முறையும் கைதட்டல் கிடைத்தது. தட்டியவர்கள் அவருடன் ஜீப்பில் வந்தவர்கள்.

விழா முடிந்தபின் நிபந்தனை படிக்கப்பட்டது. வீடு பெற்றவர் ஒவ்வொருவரும் சித்திரை முடிவதற்குள் தம் பழைய குடிசையின் கூரையைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காதவர்களிடமிருந்து புது வீடும் பறிக்கப்படும். குடிசை நிற்கும் மனைக்கான பட்டாவும் ரத்தாகும். விடுதலையை விரும்பாதவனுக்குத் தண்டனை என்பது சீர்திருத்தத்தின் பழைய முறைதானே.

முதல் வீட்டைப் பெற்றவன் கோவிந்தன். அவன் மனைவி செந்தாமரைக்கு மாசியில் பெண்குழந்தை பிறந்தது. பங்குனி வரை அந்த வீட்டில் குறையொன்றும் தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் தகடு பேசத் தொடங்கியது. காலை பத்து மணிக்கு அது ‘டக்’கென்று முறியும் ஓசையோடு விரியும். பன்னிரண்டு மணிக்குச் சுவர் சுடும். இரண்டு மணிக்குக் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிளம்பும். அழுது அழுது, பால் குடிக்கவும் தெம்பின்றி, அது வெறுமனே வாயைத் திறந்து கிடக்கும். மூன்றாம் நாள் செந்தாமரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளியிருந்த பழைய குடிசைக்குள் போனாள். குழந்தை பொழுது சாயும்வரை தூங்கியது. மலைச்சரிவில் வளரும் போதைப்புல்லை ஒரு முழக் கனத்துக்கு வேய்ந்த குடிசை அது.

புது வீட்டை வீணாக்கலாமா? கோவிந்தன் அதில் புளியைப் பரப்பினான். வெளியில் ஆறு நாள் காயும் புளி அங்கே இரண்டே நாளில் காய்ந்தது.

சித்திரை பத்தாம் நாள் சக்கரவர்த்தி வந்தார். படுக்கையறையில் புளியைக் கண்டார். பேச்சாளருக்கு நா உலர்ந்தது. உலர்ந்ததற்குப் புளி காரணமில்லை.

“இன்னாய்யா இது? வூடு கட்டிக் குடுத்தா புளி காய வச்சிக்கினு கீற? மாசக் கடைசியில பெரிய அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள குடிசைக் கூரை எறங்கணும். இல்லன்னா பட்டா போச்சு.”

கோவிந்தன் புளியை ஓரமாக ஒதுக்கத் தொடங்கினான். செந்தாமரை குடிசை வாசலிலிருந்து சொன்னாள்:

“எறக்கறோம்ங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் நீங்க அந்த ரூம்ல படுத்து எழுந்து வாங்க. உங்களால முடிஞ்சா எங்கொயந்தயாலயும் முடியும்.”

இந்த அறைகூவலை மறுப்பது எப்படி? சக்கரவர்த்தி நாடாக் கட்டிலில் படுத்தார். திறப்பு விழாவில் மிஞ்சிய துண்டறிக்கையால் விசிறிக்கொண்டார். ‘குடிசை ஒழிக’ என்று அச்சிட்ட அந்தத் தாள் சிறிது காற்றையும் தந்தது; ஆயினும் போதவில்லை. கால் மணி நேரத்தில், ஆற்றில் விழுந்து எழுந்தவரைப் போல வெளியே வந்தார்.

செந்தாமரையின் அண்ணன் சடையன் பலா மரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். “சாருக்குக் குளிக்கற அறையும் அதுலயே குடுத்துட்டாங்க போல கீதே, மச்சான்” என்றான்.

தோல்வியை ஒப்புவது சொற்பொழிவாளரின் இலக்கணத்தில் இல்லை. அறிவியல் துணைக்கு வந்தது. முதலில் தகட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அது ஒரு வாரம் வெயிலைத் திருப்பி அனுப்பியது. பிறகு பொருக்குவிட்டு உதிர்ந்தது. அடுத்து, சன்னல்களில் கோணிப்பையைத் தொங்கவிட்டு மணிக்கொரு முறை நனைக்கச் சொன்னார். யோசனை நல்லதுதான். ஆனால் ஊற்று அரை மைல் கீழே இருந்தது. மணிக்கொரு முறை குடம் சுமந்து ஏறும் செந்தாமரைக்கு அந்த அறையில் படுக்க நேரமே வாய்க்கவில்லை. மூன்றாவதாகத் திருப்பத்தூரிலிருந்து ஒரு மேசை விசிறி பேருந்தில் மலையேறி வந்தது. சக்கரவர்த்தி அதைத் தாமே சுமந்துவந்து கட்டிலருகே வைத்தார், கம்பியை எடுத்தார், செருகும் இடத்தைத் தேடினார்.

“கரண்டுக் கம்பம் நட்டு ரெண்டு வருசமாச்சு சார். கம்பிதான் இன்னும் வர்ல” என்றான் கோவிந்தன்.

“கையால சுத்துனா சுத்துது மச்சான். கொயந்தைக்கு வெளையாட்டு சாமானுக்கு ஆச்சு” என்றான் சடையன்.

அதிகாரி வர ஐந்து நாள்தான் இருந்தது. சக்கரவர்த்தி வாசற்படியில் உட்கார்ந்தார். அப்போது செந்தாமரை கேட்டாள்:

“சார், ஆர்டர்ல இன்னா போட்டுக்கீது?”

“குடிசைக் கூரையப் பிரிக்கணும்னு.”

“பிரிச்ச புல்ல எங்க போடணும்னு போட்டுக்கீதா?”

சக்கரவர்த்தி பையிலிருந்து ஆணையை எடுத்தார். மூன்று பக்கங்களையும் படித்தார். பின்குறிப்பையும் படித்தார்.

“இல்லியே.”

“அப்ப இந்த வூட்டு மேல போட்டுக்கறோம்.”

மறுநாள் விடியற்காலையில் ஊரே கூடியது. ஒருவன் வீடு வேய ஊரே கைகொடுப்பதும், வேய்ந்தவர்களுக்கு அந்த வீட்டார் சோறு போடுவதும் அந்த மலையின் வழக்கம். அதற்கு ஆணையும் தேவையில்லை, ஜீப்பும் தேவையில்லை. நண்பகலுக்குள் குடிசை மொட்டையாயிற்று. தகட்டின் மேல் ஒரு முழம் புல் ஏறியது. செந்தாமரை சிமெண்டுத் தரையின் மேல் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசினாள். மாலையில் குழந்தையை அறையில் கிடத்தினாள். தகடு மூச்சுவிடவில்லை. குழந்தை தூங்கியது.

ஆணை நிறைவேறிவிட்டது, குடிசை ஒழிந்துவிட்டது. அது பத்தடி நகர்ந்து ஒழிந்தது என்பது கணக்கில் வரவில்லை.

குறித்த நாளில் பெரிய அதிகாரி தேவராஜ் வந்தார். வெள்ளைக் கால்சட்டை; கழுத்தில் கைக்குட்டை. உடன் ஒரு புகைப்படக்காரர். கோழிக் குழம்பும் சாமைச் சோறும் உண்டார். “படுக்கையறையைப் பரிசோதிக்க வேண்டும்” என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தவர், இரண்டு மணி நேரம் குறட்டையோடு பரிசோதித்தார். எழுந்தவர் முகத்தில் ஞானம் ஒளிவிட்டது.

“பார்த்தீர்களா, சக்கரவர்த்தி! இதுதான் சிமெண்டின் சிறப்பு. குடிசையில் இப்படித் தூங்க முடியுமா?”

சக்கரவர்த்தி தலையசைத்தார். எந்தத் திசையில் அசைத்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

வெளியே வந்த தேவராஜ் கூரையைப் பார்த்தார். ஞானம் மறைந்தது.

“இது என்ன புல்? இந்தக் கோலத்திலா படம் எடுப்பது? குடிசையை ஒழித்தோமா, குடிசைக்கு முடிசூட்டினோமா? உடனே இறக்குங்கள். ஒரு துரும்பும் மிஞ்சக் கூடாது.”

கோவிந்தன் திடுக்கிட்டான். பழைய புல் ஒரு முறை பிரித்து வேயத்தான் தாங்கும். மறுமுறை பிரித்தால் தூளாகும். புதுப்புல் அறுக்க மார்கழி வரவேண்டும். குடிசைக்கோ இப்போது கூரையில்லை. அதுவரை இந்தப் பிள்ளை எங்கே படுக்கும்?

அவன் சக்கரவர்த்தியைப் பார்த்தான். ஆயிரம் பேரின் முன் அநீதியைத் தோலுரித்த நாக்கு அது. மேடைதோறும் ‘உண்மையைச் சொல்ல அஞ்சாதே’ என்று சொன்ன நாக்கு. உங்களைத் தூங்கவைத்தது புல்தான் ஐயா என்று நான்கு சொல் சொன்னால் போதும். சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

செந்தாமரை குழந்தையைத் தோளில் போட்டபடி முன்னே வந்தாள்.

“மொதல்ல முன்பக்கத்த எறக்கறோம்ங்க. போட்டோவும் புடிச்சிக்குங்க. அப்பறம் சாரு அதே கட்டில்ல இன்னொரு தபா படுங்க. எங்கொயந்தயும் பக்கத்துல படுக்கட்டும். ரெண்டு பேர்ல யாரு மொதல்ல அழறாங்கன்னு பாத்துட்டு, பாக்கியை எறக்கலாம்.”

தேவராஜ் சிரித்தார். சிமெண்டை நம்பியவர் சிரிக்காமல் என்ன செய்வார்? “தாராளமாக” என்றார்.

முன்சரிவுப் புல்லை இறக்கினார்கள். இறங்கியதில் பாதி தூளாகக் காற்றில் பறந்தது. பளிச்சென்று தகடு தெரிந்தது. படம் எடுக்கப்பட்டது. அப்போது மணி மூன்று; வெயில் இன்னும் தணியவில்லை. தேவராஜ் படுத்தார். பக்கத்துப் பாயில் குழந்தை.

பத்தாவது நிமிடம் கட்டில் கிரீச்சிட்டது. பதினைந்தாவது நிமிடம் கைக்குட்டை கழுத்தைவிட்டு நெற்றிக்கு வந்தது. இருபதாவது நிமிடம் அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால்தான் குழந்தை அழத் தொடங்கியது.

“கொயந்த தோத்துப் போச்சு. சாருதான் மொதல்ல” என்றான் சடையன். யாரும் சிரிக்கவில்லை, திரும்பி நின்று இருமினார்கள்.

தேவராஜ் பலா மரத்தடியில் அமர்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். கோப்பைத் திறந்தார். எழுதினார். நெடுநேரம் எழுதினார். புல் என்று எழுதினால் தோல்வி. குடிசை என்று எழுதினால் குற்றம். ஆகவே அவர் இரண்டையும் எழுதவில்லை. ‘தகட்டுக் கூரையின் மேல் வெப்பத் தணிப்பு மேற்போர்வை, தாவரப் பொருளால், ஒரு முழக் கனத்தில், பன்னிரண்டு வீடுகளுக்கும் கட்டாயமாக அமைக்கப்பட வேண்டும். அமைக்காதவர்களின் பட்டா ரத்தாகும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

“பாக்கியை எறக்கவா சார்?” என்று கேட்டாள் செந்தாமரை.

“வேண்டாம்மா” என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரத்தில் மற்றப் பதினோரு குடிசைகளும் ஆணைப்படி பிரிந்தன. பதினோரு தகட்டுக் கூரைகளும் ஆணைப்படி போர்த்திக்கொண்டன. கோவிந்தன் வீட்டு முன்சரிவுக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கட்டுப் புல் கொடுத்தார்கள். செந்தாமரை பதினோரு வீட்டுக்கும் சாமைச் சோறு பொங்கினாள். குழந்தையின் வேர்க்குரு ஆனி பிறப்பதற்குள் ஆறிவிட்டது.

சக்கரவர்த்தி அந்த ஆண்டு பல மேடைகளில் பேசினார். வேங்கைமேட்டில் குடிசையே இல்லை என்றார். அது உண்மை. உறக்கம் இனிது என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு முழக் கனத்துக்கு இருந்ததை மட்டும் அவர் தாண்டிப் போனார்.

ஆடியில் தபாலில் ஓர் உறை வந்தது. கெட்டி அட்டையில் ஒட்டிய புகைப்படம். வழுக்கைத் தலையாய் மின்னும் தகட்டுக் கூரை. வாசலில் கோவிந்தனும் செந்தாமரையும். கீழே ‘கோடையை வென்ற படுக்கையறை’ என்று அச்செழுத்து. சுவரில் மாட்டும்படி கடிதம் சொன்னது.

“எங்க மாட்டலாம்?” என்று கோவிந்தன் ஆணியோடு நின்றான்.

செந்தாமரை அட்டையை வாங்கி வளைத்துப் பார்த்தாள். “நல்லா கெட்டியா கீது, குடு” என்றாள். செம்மண் தரையில் தூங்கும் குழந்தையின் அருகே உட்கார்ந்து, அதன் முகத்தில் மொய்த்த ஈக்களை அந்த அட்டையால் ஓட்டத் தொடங்கினாள்.