ஏரியைக் கெடுத்தவன் நான்தான் என்று

மச்சான் மங்கதூருக்கு ஜோங்கி தரவேண்டியது ஒரு கோடியே எண்பத்தாறு லட்சத்து நாற்பதாயிரம் இந்தோனேசிய ரூபியா; பெயருக்குத்தான் கோடி. எல்லாம் அவரிடம் மீன் தீனி வாங்கிய கடன். ஏரிக் கூண்டில் ஜிலேபி மீன் பெருத்ததும் விற்று அடைப்பதாகப் பேச்சு.

ஜிலேபிதான் இல்லையே! மூன்று நாள் காற்றே அசையாமல் சுமத்ராவின் தோபா ஏரி எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. நாலாம் நாள் மலைச்சுவரிலிருந்து இறங்கிய காற்று விரிகுடாவின் அடிச்சேற்றைப் புரட்டிவிட்டது. அழுகின முட்டை நாற்றம். மத்தியானத்துக்குள் ஆறு கூண்டு மீனும் வெள்ளை வயிறாய் மிதந்தன. ஜோங்கியும் மனைவி லாம்ரியாவும் இரண்டு நாள் அள்ளிப் புதைத்தார்கள். மலை நெருப்புக் கக்கி உண்டான ஏரி; எத்தனை தலைமுறை குடித்த தண்ணீர். அதை நாறடிக்க இருபது வருஷம் போதுமாயிருந்தது.

புதைத்து முடித்த மறுநாள் மங்கதூர் வந்தார். லாம்ரியாவின் அண்ணன். பெண் கொடுத்த வீட்டாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது பத்தாக் இனத்து வழக்கம். அவர்களும் சும்மா வரமாட்டார்கள், மீன் சமைத்துக் கொண்டுவந்து ஆசி சொல்வார்கள். இவர் கையில் ஒரு காகிதம்.

"மாப்ள, இதுல ஒரு கையெழுத்துப் போடு. கடன் மொத்தமும் தள்ளுபடி. மீன் கம்பெனி அந்தக் காச எனக்குக் குடுத்துரும்."

கரை முனைக்கு அப்பால் ஆழத்தில் கம்பெனிக் கூண்டுகள் நின்றன, ஒவ்வொன்றும் தேவாலயம் அகலம். ஜோங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். கரையோரச் சிறு கூண்டுக்காரர்கள் போட்ட தீனியால்தான் ஏரி கெட்டது என்றிருந்தது. அவனுக்குக் காது சூடேறியது.

"அவங்க படகு படகாக் கொட்டுறாங்க மச்சான். மேல காட்ட மொட்டையடிச்சு ஓடையெல்லாம் சேறா வருது. ஓட்டல் சாக்கடையும் இங்கதான் விழுது. எல்லாம் என் தலையிலயா?"

"நீயுந்தானே தீனி போட்ட?"

"போட்டேன், இல்லேங்கல. என் பங்கை எழுதுங்க, அவங்க பங்கையும் எழுதுங்க. கண்ண மூடிட்டுப் போடறேன்."

"பொண்ணு குடுத்த வீட்டு வார்த்தையத் தட்டுறியா நீ?"

லாம்ரியா முன்னால் வந்தாள்.

"அவர் தட்டக் கூடாது. நான் உன் வீட்டுப் பொண்ணு, நான் தட்டுவேன். நாளைக்கு இந்தக் காகிதத்தக் காட்டியே சர்க்கார்க்காரன் எங்க கூண்டை அறுப்பான், அவனுங்க கூண்டுக்குக் காவல் நிப்பான். தங்கச்சி வீட்டுக்கு மீனு கொண்டு வருவாங்க அண்ணே, நீ எவனோட எச்சிலயோ கொண்டு வந்திருக்க!"

"வாய் நீளுதே. அப்பக் காச எடுத்து வை."

ஜோங்கி கொல்லைக்குப் போய், உழுகிற எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"சந்தைக்காரன் இதுக்கு ரெண்டு கோடி சொன்னான். மிச்சம் எனக்கு வேணாம்."

மங்கதூர் எருமையின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். "வத்தலா இருக்கே."

"உன் மனசைவிடத் தேவலை," என்றாள் லாம்ரியா.

இனி மண்வெட்டியால்தான் வயலைக் கொத்த வேண்டும். தெரிந்துதான் செய்தான்.

"முதல்ல நோட்டுல அடிங்க," என்றான் ஜோங்கி.

மங்கதூர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கணக்கு நோட்டைப் பிரித்து, அவன் பெயருக்கு எதிரே இருந்த தொகையை இரண்டு கோடு போட்டு அடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஜோங்கி கயிற்றை விட்டான்.