முப்பத்திரண்டாயிரம் எண்கள்

வில்பிரட்டின் ஜீப்பில் இருந்தது சென்னையின் பழைய இரும்புச் சந்தையில் வாங்கிய ஜப்பான் எஞ்சின். கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை எவ்வளவு பீய்ச்ச வேண்டும், பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டர் முடிவு செய்தது. பாறசாலையில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் அந்த எஞ்சினை ஜீப்பில் ஏற்றியபோது ஊரே கூடி நின்று பார்த்தது. ஓட்டிக் காட்டியபோது ஊரே சிரித்தது. ஏற்றத்தில் மிதித்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம், பின்னால் கறுப்புப் புகை, அப்புறம் நின்றுவிடும்.

அவன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனுவச்சபுரத்திற்கு வந்தான். அங்கே ராஜதாசின் டிவி கடை. பலகையில் ராஜதாசின் பெயர் இருந்தாலும் பழுது பார்ப்பது அவன் தங்கை பிரேமகுமாரி என்பது எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து ஒன்பது வருடமாக ஊராரின் டிவிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளே, இது டிவி இல்ல. ஆனா உள்ள கெடக்கதெல்லாம் ஒரே சாதனம்தானே?" என்றான் வில்பிரட். "இத நீ ஓட வச்சிட்டா ஒர்க்‌ஷாப்புல பங்குக்காரியாக்கும் நீ. போர்டுல எனக்க பேருக்க கூட உனக்க பேரும் எழுதுவேன். மாதாவாணை."

அந்த ஒரு வரியை அவள் அன்றைக்கே மனதுக்குள் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டாள்.

பெட்டிக்குள் மரவட்டைபோல் கால்கள் வைத்த ஒரு சிப். முதுகில் வட்டமாக ஒரு சிறிய கண்ணாடி. அதன் வழியே புற ஊதா விளக்கைக் காட்டினால் உள்ளே இருப்பது அழியும். பிறகு புதிதாக எழுதலாம். அதிலிருந்த முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் எண்களையும் படித்துத் தாளில் அச்சடித்தாள். எது எதற்கென்று சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. இரண்டு மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஓரிடத்தில் பதினாறு வரிசை எண்கள் படிக்கட்டுபோல் ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. பொறியின் நேரம்! ஜப்பானில் பனி விழும் ஏதோ ஓர் ஊரில், நல்ல பெட்ரோலை நம்பி, யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியது. பொறி முந்தி விழும் அந்த அவசரம் நம் பெட்ரோலுக்குத் தாங்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆளின் கடிதத்தை அவள் ஒவ்வொரு எண்ணாகத் திருத்தத் தொடங்கினாள்.

எழுதுவாள், மாட்டுவாள், வில்பிரட் ஓட்டுவான், அவள் பக்கத்தில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை வரிசை மாறிப்போய், ரயில்வே கேட் திறந்த நேரத்தில் ஜீப் செத்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரன் தமிழ், மலையாளம் இரண்டு பாஷையிலும் திட்டினான். பதினோராவது முறை எழுதியபோது, அமரவிளைப் பாலம் தாண்டி ஏறுகையில் அந்தக் கரண்டிச் சத்தமே இல்லை.

"பிள்ளே, வெண்ணெயாக்கும்!" என்று கூவினான் வில்பிரட்.

சிப்பின் கண்ணாடியை மூடிக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் வெள்ளை மையால் தேதியும் தன் பெயரும் எழுதினாள்.

"அண்ணா, இதப் பிரிக்கப்பிடாது. வெயிலு பட்டா எல்லாம் அழிஞ்சு போவும்."

"எஞ்சினுக்க மேல பொம்பளைக்க பேரு! நாலு பேரு பாத்தா என்ன செல்லுவாவ?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மேல்கூரை இல்லாத ஜீப். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்கள் பார்க்கட்டுமென்று அவன் மூடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை டாஷ்போர்டில் பொருத்தினான். ஸ்டிக்கரையும் பிரித்தான். "உள்ள மின்னுகது தங்கமாக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். மீன மாதத்துக் கோடை வெயில் ஒன்பது நாள் அந்தக் கண்ணாடி வழியே நேராக இறங்கியது.

பத்தாவது நாள் பெருங்கடவிளையிலிருந்து கிருஷ்ணன்குட்டி வந்தார். மூன்று ஜீப் வைத்திருப்பவர். மூன்றுக்கும் இதேபோல் எஞ்சின் மாற்ற ஆசை. அவரை ஏற்றிக்கொண்டு போன ஜீப் சந்தை நடுவில் இருமி நின்றது. ஆள்விட்டுப் பிரேமகுமாரியை அழைத்தார்கள். அவள் வந்ததும் பார்த்தது சிப்பின் வெற்று முதுகைத்தான்.

"ஸ்டிக்கர ஆரு பிரிச்சா?"

"பிரிச்சா என்ன? வெயிலுல எழுத்து அழியுமோ? அப்போ பைபிள முற்றத்துல வச்சு வாசிக்கப்பிடாது, இல்லியா?" என்றான் வில்பிரட். மீன் விற்கிற பெண்கள்வரை சிரித்தார்கள்.

"பெண்ணு செய்த வேலயா இது?" என்று கேட்டார் கிருஷ்ணன்குட்டி. வில்பிரட் வானத்தைப் பார்த்தான்.

சிப்பைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். பாதி எண்கள் வெளுத்துப்போயிருந்தன. மறுபடி எழுதிக் கொடுத்தாள். ஜீப் ஓடியது. "வயரு லூசாக்கும். நான் சரியாக்கிட்டேன்" என்று கிருஷ்ணன்குட்டியிடம் சொல்லி மூன்று ஜீப்பின் வேலையையும் வாங்கிக்கொண்டான் வில்பிரட். அடுத்த வாரம் புதுப் பலகை ஏறியது. அதில் அவன் பெயர் மட்டும்.

"மாதாவாணை செஞ்சியளே அண்ணா?"

"மக்கா, நடுச்சந்தையில நின்னதுக்கு அப்புறமா? ஆளுவ உனக்க பேரப் பாத்தா வண்டி தருவாவளா? நீ வேலைக்கு வா, ஆரு வேண்டாம்னு சென்னா? பின்பக்கமா வா. ஆளு இல்லாத நேரம் பாத்து வா."

அவள் திரும்பி நடந்தாள். பதினைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. "நான் அப்பவே சென்னேன்" என்றான் ராஜதாஸ். அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. மேசையில் டிவிகள் வந்துகொண்டிருந்தன. படம் உருளுகிறது, குரல் இல்லை, கோடு விழுகிறது. பெட்டியைத் திறக்காமலே பழுது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் வில்பிரட் ஒரு சிப்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினான். கிருஷ்ணன்குட்டியின் முதல் ஜீப்பில் ஏற்றிய எஞ்சினுக்குரியது. திருப்பி அனுப்பிவிடுமாறு ராஜதாசிடம் சொன்னாள். சாயங்காலம்வரை அது மேசையிலேயே கிடந்தது. சும்மா பார்ப்போம் என்று படித்தாள். இதில் படிக்கட்டு வேறு இடத்தில் இருந்தது. பதினாறு வரிசைகள் இல்லை, இருபது. நடுவில் ஒரு வரிசை மட்டும் தலைகீழாக இறங்கியது. ஏன்? எஞ்சினைக் கேட்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் பகல், எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம், வாழைத்தோட்டத்து வரப்பு வழியே சுற்றி வந்து ஒர்க்‌ஷாப்பின் பின்கதவைத் தள்ளினாள். வில்பிரட் எஞ்சினுக்குள் குனிந்திருந்தான். நிமிரவில்லை.

"வந்தியா? கதவச் சாத்து."

சாத்தினாள்.