இடது ஓரம்

பாரிவேட்டைக்குப் புறப்படும் முன் உக்கிரபாண்டி கூழைக் குடித்துவிட்டுக் கலயத்தை நீட்டினார். வாங்கும்போது அவருடைய இடது உள்ளங்கை மனைவி ஜெயக்கொடியின் விரலில் உரசியது. காய்ப்பு. வலது கையில் அல்லவா இருக்க வேண்டும்!

“இந்தக் கையில எப்பக் காய்ச்சுச்சு?”

“விடியமுன்ன கம்மாக்கரைக்குப் போனது எவளையும் பாக்க இல்லடி. போதுமா?” என்று சிரித்தார். “ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத. மருதுட்டயும்.”

தை மாதம் முழுக்க அவள் அவர் வேட்டியை மோந்து பார்த்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

சமயநல்லூருக்கு மேற்கே அவர்கள் ஊரில், மாசிச் சிவராத்திரி கழிந்து ஊரே கூடிப் போகும் பாரிவேட்டையில், எறிகாரர் வரிசையின் வலது ஓரம் உக்கிரபாண்டியுடையது. முதல் முயலும் கோயில் மரியாதையும் அந்த இடத்துக்குத்தான். வளரி என்பது முயலை எறிந்து அடிக்கும் வளைந்த கட்டை. வலக்கையால் வீசினால் இடப்பக்கமாக வளைந்து போகும். அதனால் இடது ஓரத்தில் ஆள் நிற்பதே கிடையாது. ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு வலது தோள் இறங்கிவிட்டது. தம்பி மருது போன வருஷமே கேட்டான்: “அண்ணே, ஓரத்த எனக்கு விடக் கூடாதா?”

“விடுறேன்டா. நீ மொதல்ல ஒரு முயலத் தொட்டுட்டு வா.”

எல்லோரும் சிரித்தார்கள். மருதும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

மதியம் உக்கிரபாண்டியைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வலப்பக்கம் வளையும் இடக்கை வீச்சைக் கம்மாக்கரையில் பழகியவர் இடது ஓரத்துக்குத்தான் போக வேண்டும் என்பது ஜெயக்கொடிக்கு மட்டும் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல் புதருக்குள் போய் நின்றிருக்கிறார். மருது வீசிய வளரி காதுக்குப் பின்னால் பட்டது. யாரும் மருதுவைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கும் என்று யார் கண்டது? முதலில் ஓடித் தூக்கியவர் வேட்டைக்கு வந்த பெரியவர் பேயாண்டி. செத்தவருடைய வளரி கையில் இல்லை, எங்கேயோ முள்ளுக்குள் கிடந்தது என்றார் அவர்.

பாடையைத் தூக்குமுன் எறிகாரன் கையில் அவன் வளரியை வைப்பது வழக்கம். மருதுதான் வைத்தான். இடக்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

“ஏலேய், வலக்கைடா!” என்றார் பேயாண்டி.

மருது திடுக்கிட்டு மாற்றினான். துக்கத்தில் கை தடுமாறுகிறது என்று பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள். ஜெயக்கொடிக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது.

கருமாதி முடிந்து அவனிடம் கேட்டாள். “கொழுந்தனாரே, இடக்கையில ஏன் வச்சீக?”

“கண்ணத் தண்ணி மறைச்சிருச்சு மதினி. எந்தக் கைன்னு பாத்தேனா?” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏன் கேக்குறீக?” என்றான்.

தெரியாதவன் கேட்கிற கேள்விதான். தெரிந்தவனும் அதைத்தான் கேட்பான். கம்மாக்கரைப் பனைகளுக்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்து நின்று பார்த்திருக்கலாம். நிஜமாகவே கண் மறைத்தும் இருக்கலாம். எப்படிப் புரட்டினாலும் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

இப்போது வலது ஓரம் மருதுவுடையது. வேட்டை முடிந்தால் கறி கொண்டுவருவான். ஒருமுறை அவள் கொல்லையில் துணி காயப்போட எட்டி எட்டிச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணன் அவுக உசரத்துக்குக் கட்டிட்டாக. எறக்கிக் கட்டவா மதினி?” என்று கொடிக்கயிற்றைப் பிடித்தான்.

“அதுல கை வைக்காதீக.”

கயிறு அதே உயரத்தில்தான் இருக்கிறது. அவள் குதிகாலைத் தூக்கித்தான் சேலையை வீசுகிறாள்.