தங்கைக்காகத் தேடிய படக்கதை

லிஃப்ட் பழுதுபார்ப்பவரின் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் ஒருமுறை விண்வெளிப் படம் ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போனார். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்க, அவள் மட்டும் திருதிருவென்று விழித்தாள். அண்ணனுக்கு மனசே ஆறவில்லை. மறுவாரம் பழைய புத்தகக் கடையில் அதே படம் காமிக்ஸாகக் கிடைத்தது. யார் என்ன பேசினாலும் வாயருகே குமிழில் எழுதியிருந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஒரு வாரம் தாமதமாக அவளும் சிரித்தாள்.

அன்று பிடித்த பைத்தியம். விஞ்ஞானப் படம் எதைப் பார்த்தாலும், அதன் காமிக்ஸை எந்தக் குப்பையில் கிடந்தாலும் தேடிப் பிடித்துவிடுவார். படத்தில் வெட்டிய காட்சி புத்தகத்தில் இருந்துவிட்டால் போச்சு. 'இந்தப் பல்லி ராஜா படத்தில் எங்கே போனான்?' என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டு அண்ணனை ஒருவழி பண்ணிவிடுவாள்.

ஒன்றே ஒன்றுதான் இருபது வருஷமாகச் சிக்கவில்லை. அவளுக்குக் கல்யாணமான புதிதில் அண்ணனும் தங்கையும் பார்த்த படம் அது. கிழட்டு விமானி, கதவு மூடுமுன் மனைவியிடம் ஏதோ சொல்வான். இன்ஜின் இரைச்சலில் அண்ணனுக்கே கேட்கவில்லை. 'என்ன சொன்னான்?' என்று அவள் தோளைத் தட்டினாள். 'வந்துடுவேன்' என்று சைகையில் ஒரு போடு போட்டார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகக் கடைக்காரர் போன் செய்தார். "சார், நீங்க கேட்டுக்கிட்டே இருந்தது கெடச்சிடுச்சு!"

"இனிமே எனக்கு எதுக்குங்க அது?" என்று வைத்துவிட்டார். மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய் வாங்கினார். கடையில் நின்றபடியே விமானி விடைபெறும் பக்கத்தைத் தேடினார். குமிழில் 'மறந்துடு' என்று இருந்தது.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கணவர் அவளுடைய புடவைகளைக் கட்டிலில் பரப்பி மடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அவகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

அண்ணன் விரித்துக் காட்டிய பக்கத்தை மாப்பிள்ளை படித்தார். "அவளுக்கு அப்பவே தெரியும் மச்சான். உதட்டசைவு நீங்க சொன்ன மாதிரி இல்லன்னு வீட்டுக்கு வந்ததும் சொன்னா. கேட்டா உங்க மனசு நோகும்னு உங்ககிட்ட காட்டிக்கல. அதனாலதான் இந்தப் புஸ்தகம் வேணும்னு வருஷா வருஷம் நச்சரிச்சா."

அண்ணன் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். எனக்கும் கேட்கலைம்மா என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை ஒரு புடவையின் மறுமுனையை அவரிடம் நீட்டினார். இருவருமாக மடிக்கத் தொடங்கினார்கள்.