தூக்கிய இடது கை

கம்பி போடும் டாக்டரம்மாவுக்குப் பல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். மகளுக்கும் அவள்தான் கம்பி போட்டிருந்தாள். "வலிச்சா இடது கையைத் தூக்கு, அந்த நொடியே நிறுத்திடுறேன்." நாற்காலியில் உட்காரும் எல்லாருக்கும் அவள் கொடுக்கும் வாக்கு அது. மகள் வேண்டுமென்றே தூக்கி அழிச்சாட்டியம் செய்தாலும் நிறுத்திவிடுவாள்.

காலையில் உதவியாளர் எடுத்த மகளின் எக்ஸ்ரேயை இப்போதுதான் திறந்தாள். பல்லே கண்ணில் படவில்லை. கழுத்தின் இரண்டாம் எலும்பில் மேல்நோக்கி நிற்க வேண்டிய முளை, எலும்போடு சேராமல் தனியே கிடந்தது. தலை ஒருமுறை பலமாக அதிர்ந்தால் போதும், தண்டுவடம் நசுங்கிவிடலாம்.

பழைய படத்தைத் தேடி எடுத்தாள். கழுத்து இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு. கதிர் படக்கூடாதென்று, மற்ற பிள்ளைகளுக்குக் கட்டாத ஈயப் பட்டையைத் தன் பிள்ளைக்கு மட்டும் கட்டிவிட்டவள் அவளேதான். பாசம் கண்ணை மறைத்தாலாவது பரவாயில்லை, எலும்பையே மறைத்துவிட்டது.

மகள் இந்நேரம் நீச்சல் குளத்தில் இருப்பாள். உயரப் பலகையிலிருந்து தலைகீழாகப் பாயும் தேர்வு இன்று. கூடப் போயிருந்த கணவரை அழைத்தாள்.

"என்னங்க, அவளைக் குதிக்க விடாதீங்க!"

"ஒரே சத்தம், ஒண்ணுமே கேக்கல. அடுத்தது நம்ம பொண்ணுதான், சீக்கிரம் வா!"

போனை வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டோடு அடுத்த தெருவுக்கு விழுந்தடித்து ஓடினாள்.

குளத்தின் கதவைத் தள்ளினாள். உச்சிப் பலகையின் நுனியில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து மகள் நின்றிருந்தாள். கத்தினால் திடுக்கிட்டு விழுவாள். விழுந்தாலும் அதே கழுத்துதான்.

டாக்டரம்மா இடது கையைத் தூக்கினாள்.

விசில் ஒலித்தது. பயிற்சியாளர் அதட்டினார். மகள் அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஓரடி முன்னால் வந்து, ஏணியில் இறங்கினாள். தேர்வு போயிற்று.

எதிரே வந்து நின்றபோது கோபத்தில் அவள் உதடு துடித்தது. ஆனாலும் கேட்டாள்.

"எங்கேம்மா வலிக்குது?"

டாக்டரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தூக்கிய கையை இறக்கி, மகளின் பிடரியைப் பதமாகத் தாங்கிக்கொண்டாள்.

"இங்கடி."