பொய்க்குக் கட்டிய வேப்பிலை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். என் எழுத்தைப் பற்றி அரைப் பக்கம் கேட்டவர்கள் என் உடம்பைப் பற்றி நான்கு பக்கம் கேட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் தட்டம்மை. இரண்டு கட்டங்கள்: நோய் வந்து குணமானது, தடுப்பூசி போட்டது. ஒன்றில் டிக் அடித்து ஆண்டு எழுத வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் பிறந்த பிள்ளைக்கும் இதே இரண்டு கட்டங்கள்தான்.

[மூன்றாவது வகை ஒன்று உண்டு. அவர்கள் படிவம் நிரப்பும் வயதுக்கு வரவில்லை.]

வடக்கனந்தலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குத் தட்டம்மை வந்துச்சாம்மா?"

"வந்துச்சின்னுதான் ஊரே சொல்லும்."

"நீ இன்னா சொல்ற?"

"அடுப்புல பால் வெச்சிட்டு வந்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மா பால் காய்ச்சுவது காலையில். நான் பேசியது மத்தியானம். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'1987 செப்டம்பரில், மரம் சாய்ந்த சத்தத்தில் ஒன்பது மாதக் குழந்தை திடுக்கிட்டு'

அடித்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலை ஒரு மைல். அத்தனை தூரம் கேட்கிற காது எனக்கு இப்போதும் இல்லை.

மறுபடி: 'இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் அந்த வாரம்'

இது செய்தித்தாள். இதையும் விட்டேன்.

ஊருக்குப் போய் அம்மாவைத் துளைத்தெடுத்ததில் துண்டு துண்டாகக் கிடைத்தது இவ்வளவு. அந்த ஒரு வாரச் சாலை மறியலில் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் அம்மாவின் தம்பி, என் மாமன் அய்யனாரும் ஒருவர். மறியல் முடிந்ததும் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. அப்பாவுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை; அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வரவில்லை. மாமன் ஓடிவந்து எங்கள் பரணில் ஏறிக்கொண்டார். அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பில் நான்.

அம்மா கொல்லைக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

வேப்பிலை செருகினால் அந்த வீட்டில் அம்மை. வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். அங்கே தாளிக்கும் வாசனைகூட எழக் கூடாது. [படிவக்காரர்கள் இதைத் தனிமைப்படுத்தல் என்பார்கள். நாங்கள் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். பெயர் எதுவானாலும் கதவு மூடித்தான் இருக்கும்.]

3

ஏட்டு சுப்புராயன் வாசலில் நின்று வேப்பிலையைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர், கழற்றாமலே நிமிர்ந்தார்.

"யாருக்கும்மா?"

"பாப்பாவுக்குங்க."

"எத்தினி நாளாச்சி?"

"மூணு நாளுங்க."

"தண்ணி ஊத்தற வரைக்கும் வெளிய தூக்கினு வராத" என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

(அப்போது பரணில் மாமன் தும்மலை அடக்கினார் என்று எழுதியிருந்தேன். சினிமா வாடை அடித்ததால் எடுத்துவிட்டேன்.)

எங்கள் பகுதி நர்ஸ் சுபலட்சுமி. ஏட்டின் பெயரும் நர்சின் பெயரும் அம்மா சொன்னவை. அவர்கள் புருஷன் பெண்டாட்டி என்பது நான் சேர்த்தது. கதைக்கு ஒரு முடிச்சு வேண்டுமே. ஐந்தாம் நாள் நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்தார். ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டே வந்து, எங்கள் வாசலுக்கு வெளியே நின்று நோட்டைத் திறந்தார்.

"வூட்டுக்காரரு சொன்னாரும்மா. ஒரு தபா வந்துட்டுப் போனா ஆயுசுக்கும் வராது. ஊசி தேவயில்ல."

என் பெயருக்கு நேரே 'அம்மை வந்துவிட்டது' என்று எழுதினார். பரணில் ஆளை வைத்துக்கொண்டு அம்மா என்ன சொல்வாள்? தலையாட்டினாள்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"சுபலட்சுமி வூட்டுக்காரருதான் அந்த ஏட்டுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வெச்சேன்."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

4

எட்டாம் நாள் மாமன் கல்வராயன் மலை ஏறிவிட்டார். அங்கே கரியன் என்பவரின் சாமைக் காட்டில் வேலையாளாக இருந்துகொண்டார். போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் எங்கள் தெருவுக்கு நிஜமாகவே அம்மை வந்தது. பக்கத்து வீட்டுச் சாலம்மாளின் இரண்டு வயது மகன் மூச்சு முட்டி இறந்தான். [அவனுக்குப் பெயர் உண்டு. அம்மா சொன்னாள். இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.]

உன் பிள்ளைக்குத்தான் வந்து போய்விட்டதே, உனக்கென்ன கவலை என்றார்கள் தெருவில். வரவில்லை என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். பொய்யாகக் கூப்பிட்ட வீட்டுக்கு ஆத்தா நிஜமாகவே வருவாள் என்ற பயம் வேறு. ஊசி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது ஏட்டின் சோற்றுத் தட்டு வரைக்கும் போய்விடும். தம்பி ஜெயிலுக்குப் போவான். கேட்காவிட்டால் சாலம்மாள் மகனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரலாம்.

மாமன் கடைசிவரை பிடிபடவில்லை. நான் இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அன்றைக்கு அம்மா யாரைப் பார்த்தாள், தம்பியையா என்னையா? இதைக் கேட்பது எழுத்தாளர் அல்ல, மகள். ஒத்துக்கொள்கிறேன்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். "இன்னா காரியம்டி பண்ண" என்று சுபலட்சுமி கத்தினார். பிறகு ஊசியைப் போட்டுவிட்டு, நோட்டைத் திருத்தாமல் மூடிவைத்தார்.

ஆ. அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அம்மை வந்தது. இரண்டாம் முறை வேப்பிலை செருகினால் பொய் வெளிப்பட்டுவிடும். எனவே கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாளாக என்னைப் பிழைக்கவைத்தாள்.

இ. நைனார்பாளையத்துக்கு பஸ் ஏறி, முன்பின் தெரியாத நர்சிடம் வேறு பெயர் சொல்லி எனக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தாள்.

எது நடந்தது என்று என் ரத்தம் சொல்லிவிடும் என்று நம்பிக் கள்ளக்குறிச்சியில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தது. ஊசியாலா, நோயாலா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும் மேடம்" என்றாள் அங்கிருந்த பெண். காசநோய்க்குப் போட்ட ஊசி என் இடது தோளில் தழும்பு வைத்திருக்கிறது. தட்டம்மை ஊசி தழும்பு வைப்பதில்லையாம். ஆனாலும் கண்ணாடி முன் நின்று வெகுநேரம் தேடினேன்.

6

மூன்று முடிவுகளையும் அம்மா படித்தாள். என் பேனாவை வாங்கி, சுபலட்சுமி கத்திய வரியை மட்டும் அடித்தாள்.

"அவங்க யாரையும் டீ போட்டுப் பேசனதில்ல."

"அப்போ 'அ'தான் நடந்துச்சா?"

"ஆளப் பத்திச் சொன்னேன். நடந்தத சொல்லல."

"ஏம்மா சொல்ல மாட்டேங்கற?"

அம்மா பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

"உன்ன விட்டுட்டேன்னு சொன்னா நீ தாங்க மாட்ட. அவன காட்டிக் குடுக்கத் துணிஞ்சேன்னு சொன்னா அவன் தாங்க மாட்டான். ரெண்டு பேருந்தான் என் வூட்ல வந்து சோறு துன்றீங்க."

அன்றைக்கு மாமன் சாப்பிட வருவதாக இருந்தது. உள்ளே போய் உலை வைத்தாள்.

படிவத்தை நாளைக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு கட்டமும் காலியாகத்தான் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் நீங்களே டிக் அடித்துக்கொடுங்கள். ஆண்டை மட்டும் நான் எழுதிவிட்டேன்: 1987.